வள்ளி திருமணம்: மேடையில் முருகனாகவும் வள்ளியாகவும் வாழ்ந்தவர்கள்

கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணம் வள்ளியம்மை திருமணப் படலத்தோடு நிறைவை எட்டுகிறது. தினைப்புனம் காத்த குறமகளை வேடனாகவும் வேங்கை மரமாகவும் விருத்தனாகவும் வந்து ஆட்கொண்ட பெருமானின் திருவிளையாடலை அறியாத முருகனடியார் இலர். ஆயினும், பதினாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட அப்பெருநூலை முழுவதும் ஓதியுணர்ந்தவர்கள் எத்தனை பேர்? ஏட்டைத் தொட்டறியாத உழைக்கும் மக்களிடம் இக்கதையைக் கொண்டுசேர்த்தவை இரண்டு. ஒன்று ஆலயத்துத் திருக்கல்யாண வைபவம். மற்றொன்று, அந்த ஆலயத் திருவிழாவின் இரவுகளில் எழும்பிய நாடக மேடை.

அம்மேடையில் மயிலாசனத்தில் முருகனாக அமர்ந்தவரைக் கண்டதும் மக்கள் எழுந்து கைகூப்பினர்; கன்னத்தில் போட்டுக் கொண்டனர்; கற்பூரம் காட்டியவர்களும் உண்டு. பொழுது விடிந்து அரிதாரம் கலைந்ததும் அதே மனிதருக்குக் 'கூத்தாடி' என்று பெயர். வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்கினர். பெண் கொடுக்க மறுத்தனர். நடிகை என்றால் சொல்லவே வேண்டியதில்லை. இரவில் தெய்வம், பகலில் கூத்தாடி என்ற இவ்விரு நிலைகளுக்கும் இடையில் வாழ்ந்து மறைந்த கலைஞர்களுள் நால்வரின் வரலாறு, வள்ளி திருமணம் என்னும் ஒரே நாடகத்தோடு பின்னிப் பிணைந்திருக்கிறது. அந்நாடகத்தை யாத்தவர் ஒருவர். முருகனாகவும் வள்ளியாகவும் அதில் இணைந்து புகழ்பெற்றோர் இருவர். முருகனாக வீற்றிருந்தபடியே உயிர் நீத்தவர் ஒருவர்.

நாடகம் தந்த துறவி

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தமிழை முறையாகப் பயின்ற புலவர். நடிகராகவே மேடை வாழ்வைத் தொடங்கினார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் போன்ற அச்சமூட்டும் வேடங்களே அவருக்கு வாய்த்தன. நளன் கதையில் சனீசுவரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேடம் கலைக்கக் குளத்துக்குச் சென்றபோது எதிரே வந்த கருவுற்ற பெண்ணொருத்தி அவருடைய கோலத்தைக் கண்டு அஞ்சி வீழ்ந்து கருச்சிதைவுற்றாள் என்றும், அன்றே அவர் வேடம் புனைவதைக் கைவிட்டார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதன்பின் அவர் எழுதுகோலையும் ஆசிரியப் பிரம்பையுமே கையிலெடுத்தார். மணம் செய்து கொள்ளவில்லை.

அவர் இயற்றிய நாடகங்கள் சுமார் 40 எனக் கணக்கிடுவர். அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாட்டும் உரையாடலுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை அவருடைய மாணவர் தி.க.சண்முகம் தம் நாடக வாழ்க்கை நூலில் வியப்போடு பதிவு செய்திருக்கிறார். பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் எனப் பலவும் மக்கள் மனத்தில் இடம்பிடித்தன. எனினும் வள்ளி திருமணத்துக்குக் கிட்டிய செல்வாக்கு வேறெதற்கும் கிட்டவில்லை. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் கொடைகளில் இன்றளவும் அதிகமாக மேடையேறுவது அந்நாடகமே.

வளர்ந்த நடிகர்கள் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் நடந்துகொண்டதைக் கண்டு மனம் வெறுத்த சுவாமிகள், சிறுவர்களைக் கொண்டே நாடகக் குழுக்களை அமைத்தார். 'பாய்ஸ் கம்பெனி' என்று மக்கள் அழைத்தவை இவைதாம். 1918-ஆம் ஆண்டு மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவற்றுள் ஒன்று. ஆறேழு வயதுச் சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து, குழுவோடு ஊர் ஊராகச் சென்று, அடியும் உதையும் பட்டுப் பாடம் கற்றனர். இக்காலக் கண்ணோட்டத்தில் அது குழந்தைப் பருவத்தைப் பறித்த செயலாகவே தோன்றும். ஆனால் பஞ்சமும் கொள்ளைநோயும் சூழ்ந்திருந்த அந்நாளில், பிள்ளைக்கு இருவேளைச் சோறு உறுதி என்பதற்காகவே பெற்றோர் பலர் குழுவில் சேர்த்தனர் என்பதையும் மறத்தல் ஆகாது.

சிறுவர் குழுக்களுக்கு வெளியே 'ஸ்பெஷல் நாடகம்' என்றொரு முறையும் வளர்ந்தது. இதில் நிலையான குழு என்று எதுவும் இல்லை. நாடக ஏற்பாட்டாளர் முருகனை ஓர் ஊரிலிருந்தும், வள்ளியை வேறோர் ஊரிலிருந்தும், நாரதரை மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி வரவழைப்பார். ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் பாடல்களும் கதைப்போக்கும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால், மேடையிலேயே முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டு விடிய விடிய நடித்துவிடுவார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் எதிரி என்ன கேட்பார், என்ன பாடுவார் என்பது அந்த நொடிவரை தெரியாது. வித்துவம் இல்லாதவர் அங்கே ஒரு நாழிகை கூட நிற்க முடியாது.

இத்தகைய நாடகங்கள் கப்பலேறிக் கடல் கடந்தும் சென்றன. இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று தமிழர் பிழைக்கப்போன இடமெல்லாம் நடிகர்களும் வந்தார்கள். நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் மாரியம்மன் திருவிழா இரவுகளில் பால்மரத் தொழிலாளர்களே வேடமிட்டு ஆடிய நாடகங்களுக்கும் இவையே மூலம். சுவாமிகளோ தம் இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் பேச்சிழந்து, 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் இறைவனடி சேர்ந்தார். ஆயிரமாயிரம் நாக்குகளுக்குச் சொல்லைத் தந்தவர் சொல்லிழந்து கிடந்ததை எண்ணி அவருடைய மாணவர்கள் வருந்தியதில் வியப்பில்லை.

கொடுமுடியும் செங்கோட்டையும்

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி, பாடல் பெற்ற தலம். சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடியது அத்தலத்திலேயே. 1908-ஆம் ஆண்டு அவ்வூரில் பாலாம்பாள் என்னும் ஏழைத் தாய்க்கு மகளாகப் பிறந்தவர் சுந்தராம்பாள். கே.பி.சுந்தராம்பாள் என்னும் பெயரில் முதலெழுத்து ஊரையும் இரண்டாம் எழுத்து தாயையும் குறிக்கும். அக்காலத்துப் பெண் கலைஞர்கள் பலர் தாயின் பெயரையே தலைப்பெழுத்தாகத் தாங்கினர். அந்த ஓர் எழுத்துக்குள்ளேயே சமுதாயம் அவர்களை எங்கே நிறுத்தியிருந்தது என்பதும் அடங்கியிருக்கிறது.

வறுமை அக்குடும்பத்தை வாட்டியது. சிறுமி சுந்தராம்பாள் இரயில் வண்டியில் பாடிப் பயணிகள் தந்த காசைப் பெற்றுவந்தார். அவ்வாறு பாடியபோதுதான் அவருடைய குரல் எப்.ஜி.நடேச ஐயரின் செவியில் விழுந்தது. இரயில்வே அதிகாரியான நடேச ஐயர், திருச்சியில் நாடகத்தை வளர்த்த இரசிகர், எம்.கே.தியாகராஜ பாகவதரைச் சிறுவனாக மேடையேற்றியவரும் அவரே. ஓர் இரயில்வே அதிகாரி பயணச்சீட்டை மட்டும் பரிசோதித்துக்கொண்டிருந்தால் தமிழகம் இரண்டு பெருங்குரல்களை இழந்திருக்கும்! சுந்தராம்பாள் வேலு நாயர் குழுவில் சேர்ந்தார். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளையாக அவர் பாடியபோது கொட்டகையே அழுதது என்பர். பசியை அவர் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மற்றொருவர் செங்கோட்டை கங்காதர ஐயரின் மகன் கிட்டப்பா. இயற்பெயர் இராமகிருஷ்ணன். 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் பிறந்தவர். அந்தணர் குலத்தில் பிறந்து, வறுமையின் காரணமாகத் தமையன்மாரோடு சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்தவர். சங்கரதாஸ் சுவாமிகளிடமும் பாடம் கேட்டவர். பின்னர்க் கன்னையா கம்பெனியில் தசாவதாரம் நாடகத்தின் மூலம் பெரும்புகழ் எய்தினார். ஒலிபெருக்கி என்பதே இல்லாத நாள்கள் அவை. தகரக் கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் காலணா டிக்கெட்காரருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும். கிட்டப்பாவின் குரல் ஆர்மோனியத்தின் உச்சக் கட்டைகளில் சற்றும் பிசிறின்றிச் சஞ்சரித்தது. சங்கீத வித்துவான்களும் இரவில் நாடகக் கொட்டகைக்கு வந்து அவர் பாட்டைக் கேட்டுச் சென்றனர்.

சுந்தராம்பாள் அப்போது இலங்கையில் பெயர்பெற்று விளங்கினார். 1926-ஆம் ஆண்டில் கிட்டப்பாவும் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். சுந்தராம்பாளின் குரலுக்கு எதிரே நின்று பாட முடியுமா என்று கிட்டப்பாவைச் சிலர் அச்சுறுத்தினர் என்றும், கிட்டப்பா வந்தால் உன் பெயர் போய்விடும் என்று சுந்தராம்பாளிடம் வேறு சிலர் கூறினர் என்றும் செய்திகள் உலவுகின்றன. போட்டியைக் காணவே கூட்டம் திரண்டது. அவருக்கு வயது 20. இவருக்கு 18. வள்ளி திருமணத்தில் வேடனாகவும் விருத்தனாகவும் கிட்டப்பா வர, தினைப்புனத்தில் வள்ளியாகச் சுந்தராம்பாள் நிற்க, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொட்டுப் பாடிய பாட்டில் போட்டி மறைந்து போயிற்று. 1927-ஆம் ஆண்டில் இருவரும் வாழ்க்கைத் துணைவராயினர்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். கிட்டப்பா முன்பே கிட்டம்மாள் என்பவரை மணந்தவர். குலமும் வேறு. அந்தணர் மகன் ஒருவர் நாடகக்காரப் பெண்ணை மணந்ததை உறவினர் ஏற்கவில்லை. மேடையில் முருகன் தேவகுலத்துத் தெய்வயானையோடு குறக்குலத்து வள்ளியையும் ஏற்றபோது கைகூப்பியவர்கள்தாம், வீட்டில் அதை ஒப்பவில்லை. அதனால் நேர்ந்த துன்பத்தை முழுவதும் சுமந்தவர்கள் இரு பெண்களே. பிறந்த குழந்தையும் சிறிது காலத்திலேயே மறைந்தது. மனக்கசப்பும் பிரிவும் தொடர்ந்தன. பிரிந்திருந்த நாள்களில் சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வெளிவந்துள்ளன. அவற்றைப் படிப்போர், ஆயிரக்கணக்கானோர் கைதட்டிய ஒரு பெருங்கலைஞர் ஒரு சொல் ஆறுதலுக்காக எவ்வளவு ஏங்கினார் என்பதைக் காண்பர்.

ஓய்வின்றித் தொடர்ந்த இரவு நாடகங்களும், அவற்றோடு ஒட்டிக்கொண்ட குடிப்பழக்கமும் கிட்டப்பாவின் உடலை அரித்தன. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் அவர் மறைந்தார். வயது 27 மட்டுமே. தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளிவந்து இரண்டாண்டுகளே கடந்திருந்தன. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. விடிய விடியப் பாடிய அவருடைய கலையில் இன்று நமக்கு எஞ்சியிருப்பவை, பக்கத்துக்கு மூன்று நிமிடமே ஓடும் சில பழைய இசைத்தட்டுகள். அந்தக் கீறல் ஒலிக்குள்ளேயும் அக்குரல் ஏறுவதைக் கேட்டவர்கள் மறவார்.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. வெள்ளைப் புடவை உடுத்தினார். நெற்றியில் திருநீறு மட்டும் துலங்கியது. இனி எந்த ஆண்மகனுக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். மேடையில் வள்ளியாக அவர் வாழ்ந்த வாழ்வு அன்றோடு நின்றது.

மயிலாசனத்தில் மறைந்தவர்

இங்கே கதை சிவகாசிக்குச் செல்கிறது. 1886-ஆம் ஆண்டில் அவ்வூரில் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் விசுவநாததாஸ். முடிதிருத்தும் தொழிலைக் குலத்தொழிலாக உடைய அச்சமூகத்தை அன்றைய சமுதாயம் எவ்வாறு நடத்தியது என்பதை விளக்க வேண்டியதில்லை. திருமங்கலத்தில் வாழ்ந்துவந்த அவர், நல்ல குரல்வளத்தாலும் உருவப் பொலிவாலும் முருகன் வேடத்துக்குப் பெயர் பெற்றார். கண்டவர் கைகூப்பும் முருகன். ஆயினும் அவருடைய குலத்தைக் காரணம் காட்டி, அவருக்கு இணையாக வள்ளி வேடம் ஏற்க நடிகையர் சிலர் மறுத்தனர். குறவர் குடியில் பெண்ணெடுத்த கடவுளின் வேடத்தைப் புனைந்தவருக்கு நேர்ந்த நிலை இது!

விசுவநாததாஸ் காந்தியடிகளின் கொள்கையில் ஈடுபட்டுக் கதர் அணிந்தார். 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டப்படி அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடை செய்ய ஆங்கில ஆட்சியாளருக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் முருகன் திருமணத்தைத் தடை செய்ய முடியுமா? அந்த இடைவெளியை விசுவநாததாஸ் நன்கு பயன்படுத்திக் கொண்டார். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும் கட்டம் ஒன்று உண்டு. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டை அவர் அங்கே பாடுவார். வயலை மேயவந்த வெள்ளைக் கொக்கு யார் என்பது கொட்டகையில் இருந்த குழந்தைக்கும் விளங்கும். காவல்துறையினருக்கும் விளங்கியது. நாடகம் முடியும் வரை காத்திருந்து கைது செய்தார்கள். சில வேளைகளில் அதுவரையும் பொறுக்கவில்லை. முருகன் வேடத்தோடேயே சிறைக்குச் சென்றார் என்பது அவரைப் பற்றி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசும் செய்தி.

சிறைவாசமும் வழக்குகளும் அவரைக் கடனாளியாக்கின. முதுமையின் வாயிலில், உடல் நலிந்திருந்த நிலையிலும், சென்னையில் நாடகம் நடத்த ஒப்புக்கொண்டார். 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, இராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். திரை விலகியது. மயிலாசனத்தில் முருகனாக வீற்றிருந்து பாடத் தொடங்கினார். பாடிக்கொண்டிருக்கையிலேயே தலை சாய்ந்தது. நடிப்பு என்றே அவையோர் முதலில் எண்ணினர். சற்று நேரத்தில் உண்மை புரிந்தது. வயது 54. மறுநாள், கிரீடமும் மாலையும் கலையாத முருகன் கோலத்திலேயே அவருடைய உடலைச் சென்னை வீதிகளில் ஊர்வலமாக எடுத்துச் சென்றனர். உடன் நடிக்க மறுக்கப்பட்டவர், தெய்வக் கோலத்தில் நகர்வலம் வந்தார். வழியெங்கும் மக்கள் நின்றனர்.

அவருடைய குரலைக் கேட்க விரும்புவோருக்கு ஒரு முழு நாடகம் கூட இன்று கிட்டாது. படத்துறை செழித்து வளர்ந்த காலத்தில் வாழ்ந்தும் அவர் மேடையோடே நின்றுவிட்டார்.

வெண்ணிற ஆடையும் வெண்திரையும்

சுந்தராம்பாள் நெடுநாள் ஒதுங்கியிருக்கவில்லை. ஒதுங்கவிடவில்லை என்பதே பொருந்தும். தாமே மேடையேறி நடித்த அனுபவமுள்ளவர் தீரர் சத்தியமூர்த்தி. நாடகக் கலைஞர்களை இழிவாகக் கருதாத மிகச் சில அரசியல் தலைவர்களுள் ஒருவர். அவரும் பிறரும் வற்புறுத்தவே, சுந்தராம்பாள் மீண்டும் பொது வாழ்வுக்கு வந்தார். விடுதலை இயக்க மேடைகளில் பாடினார். அன்று தலைவர்கள் பேசுவதற்கு முன் கூட்டம் சேர்த்தது அவர் பாட்டு. கலையாமல் இருத்தி வைத்ததும் அவர் பாட்டே.

1935-ஆம் ஆண்டில் 'பக்த நந்தனார்' என்னும் படத்தில் நந்தனாராக நடிக்க அழைப்பு வந்தது. நடிக்க விருப்பமில்லாத சுந்தராம்பாள், கேட்டவரைத் திருப்பியனுப்பும் நோக்கத்தோடு ஒரு இலட்சம் ரூபாய் கேட்டாராம். தயாரிப்பாளர் அசன்தாஸ் ஒப்புக்கொண்டுவிட்டார்! ஒரு படத்துக்கு ஒரு இலட்சம் என்பது அன்று நாடே வியந்த தொகை. இரயிலில் காசுக்குப் பாடிய சிறுமி அதைப் பெற்றார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். சேரியில் பிறந்து தில்லைத் தரிசனத்துக்கு ஏங்கிய நந்தனாரை ஒரு பெண் ஏற்று நடிக்க, கர்நாடக இசையுலகின் பெரும் வித்துவான் வேதியராக அவர் முன் நின்றார். படம் வெற்றி பெறவில்லை. கல்கி அவர்கள் அதைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். பழைய படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவ்விமர்சனத்தில் நியாயமும் தென்படும். நாடக மேடையின் அளவுக்குப் பழகிய உடல்மொழி காமிராவின் முன் மிகையாகவே தெரிந்தது. பாட்டைப் பற்றி எவரும் குறை கூறவில்லை.

சுந்தராம்பாள் ஏற்ற வேடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 1935-இல் நந்தனார். 1940-இல் மணிமேகலை. 1953-இல் ஜெமினி நிறுவனத்தின் ஔவையார். 1964-இல் பூம்புகார் படத்தில் கவுந்தி அடிகள். 1973-இல் காரைக்கால் அம்மையார். இவர்களுள் இல்லறத்தில் நிலைத்தவர் ஒருவரும் இல்லர். அனைவரும் உலக வாழ்வைத் துறந்தவர்கள், அல்லது அதனால் துறக்கப்பட்டவர்கள். 1933-ஆம் ஆண்டு பூண்ட உறுதியே அவருடைய திரைவாழ்வுக்கு வரம்பு வகுத்தது. காதல் நாயகி ஆக முடியாத நடிகைக்குத் திரையுலகில் இடமில்லை என்பதே அன்றும் இன்றும் வழக்கு. அவ்வழக்கை மீறித் தமக்கென ஓர் இடத்தை அமைத்துக்கொண்டவர் அவர்.

எஸ்.எஸ்.வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஔவையார், 1953-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தில் திரைக்கு வந்தது. திருமணத்தை விரும்பாத இளம்பெண் விநாயகப் பெருமானை வேண்டி மூதாட்டி உருவம் பெறும் கட்டத்துக்குப் பிறகே சுந்தராம்பாள் தோன்றுகிறார். அப்போது அவருக்கு வயது 45-ஐ எட்டவில்லை. ஊன்றுகோலும் நரைமுடியுமாக அவர் நடந்துவந்த நடை, தமிழ் மக்களின் உள்ளத்தில் ஔவைக்கு ஓர் உருவத்தை நிலையாகத் தந்துவிட்டது. பின்னர் வரைந்த ஔவையின் படங்கள் பலவற்றில் சுந்தராம்பாளின் முகச்சாயல் தென்படுவதை நம் வீட்டுச் சுவர்களிலேயே காணலாம். இதில் சுவையான செய்தி ஒன்றுண்டு. அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பே ஔவையார் வேடத்தை நாடக மேடையில் ஏற்று 'ஔவை' என்னும் அடைமொழியைத் தம் பெயரோடு பெற்றவர், சங்கரதாஸ் சுவாமிகளின் மாணவரான தி.க.சண்முகம். நந்தனாராகப் பெண்ணும், ஔவையாக ஆணும் நடித்து இருவரும் வென்றது சுவாமிகள் வளர்த்த மேடை மரபின் சிறப்பு.

1951-ஆம் ஆண்டில் சுந்தராம்பாள் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினராக இடம்பெற்றார். இந்தியாவில் சட்டமன்றம் ஒன்றில் அமர்ந்த முதல் திரைக்கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவர். தமிழக அரசியலுக்கும் திரைக்கும் பிற்காலத்தில் ஏற்பட்ட நெருக்கத்தைப் பற்றி எழுதுவோர், வெள்ளைப் புடவையோடு அவைக்குள் நுழைந்த இந்த அம்மையாரை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

நம் தலைமுறையினரில் பெரும்பாலோர் சுந்தராம்பாளை அறிந்தது ஏ.பி.நாகராஜன் இயக்கிய படங்களின் வாயிலாகவே. 1965-இல் வெளிவந்த திருவிளையாடலில், ஞானப்பழம் கிட்டாமல் சினந்து மலையேறி நின்ற குழந்தை முருகனை ஔவையாக அவர் சமாதானம் செய்யும் காட்சியை நினைவுகூராதவர் எவர்? பழநி ஆண்டவரின் தலவரலாறு தமிழர் வாழும் நாடெல்லாம் பரவியதில் அந்தச் சில நிமிடங்களுக்குப் பெரும் பங்குண்டு. தைப்பூசத்தன்று பத்துமலையிலும் தண்ணீர்மலையிலும் காவடிகளுக்கிடையே ஒலிபெருக்கியில் எழும் பாடல்களில் அக்குரலைத் தனியே அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைக்காகப் பண்பட்ட குரல் அது. 1969-ஆம் ஆண்டில் சின்னப்பா தேவர் தயாரித்த துணைவன் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை 60 வயதைக் கடந்த நிலையில் அவர் பெற்றார். மறு ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் வந்தது. பிறந்த ஊரான கொடுமுடியில் ஒரு திரையரங்கைக் கட்டினார். 1980-ஆம் ஆண்டில் மறையும்வரை வெள்ளை உடையை மாற்றவில்லை.

1967-ஆம் ஆண்டில் வெளிவந்த கந்தன் கருணையில் முருகனாக நடித்தவர் சிவகுமார். வள்ளியாக நடித்தவர் ஜெயலலிதா. சங்கரதாஸ் சுவாமிகளின் மேடையில் விடிய விடிய நடந்த அதே தினைப்புனக் கதை, வண்ணத்தில், வேகமாக, இசையமைப்பாளர் கே.வி.மகாதேவனுக்குத் தேசிய விருதைப் பெற்றுத்தந்த பாடல்களோடு அப்படத்தில் இடம்பெறுகிறது. தினைப்புனத்தில் ஆலோலம் பாடி நிற்பவர் இளம் நடிகை. அதே படத்தில் வெண்ணரையோடும் திருநீற்றோடும் ஊன்றுகோல் ஏந்தி, ஔவையாக முருகனின் முன் நின்று பாடுபவர், 1926-ஆம் ஆண்டு கொழும்பு மேடையின் வள்ளி.